நான் அழித்த ஒற்றை வரி

பிறர் எழுதிய புரோகிராமைத் திறந்து பார்க்கிற எவரும் முதலில் செய்வது, எழுதியவரைத் திட்டுவது. அடுத்தது, 'நானாக இருந்தால்' என்று ஆரம்பிப்பது. நான் திட்டியதோடு நிறுத்தியிருந்தால் என் கல்யாணம் ஒழுங்காக நடந்திருக்கும்.

பாறசாலைக்குப் பக்கத்தில் தாஸ் அண்ணனுக்கு ஒரு கல்யாண மண்டபம் உண்டு. எனக்கு ஆவணியில் ஒரு வியாழக்கிழமை முகூர்த்தம் குறித்து, தமிழ்த் தேதி சொல்லி அவரிடம்தான் பதிவு செய்தோம். அதைக் குறித்துக்கொள்ளவே அவருடைய கம்ப்யூட்டர் முக்கி முனகியது.

"மக்கா, நீ திருவனந்தபுரத்துல இந்த வேலைதானே செய்யுத. இதை ஒண்ணு பாத்துத் தா" என்றார்.

எழுதியவர் நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய சுனில் சார். (எழுதியவர் என்பது மரியாதைக்கு. வாந்தி எடுத்தவர் என்பதே சரி.) 'புதியது' என்று ஒரு பகுதி, 'புதியது2' என்று ஒன்று, 'கடைசி புதியது' என்று இன்னொன்று. அந்தக் கடைசிக்கும் பிறகு இன்னும் சில புதியவை. ஓர் இடத்தில் சேமித்ததை அடுத்த வரியில் அழித்து, அதற்கடுத்த வரியில் மறுபடி சேமித்திருந்தார். ஏன் என்று ஓர் இடத்திலும் ஒரு குறிப்பு இல்லை. நல்ல பகுதிகளைப் படம் பிடித்து அலுவலகத் தோழிகளுக்கு அனுப்பினேன். எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். எனக்குத் தலைக்கனம் தாங்கவில்லை.

அப்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. மண்டபத்துக்கு வருகிறவர்கள் தேதியை மலையாள மாதத்திலும் சொல்வார்கள், தமிழ் மாதத்திலும் சொல்வார்கள். அதை அப்படியே வைத்துக்கொண்டு, பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் ஆங்கிலத் தேதியாக மாற்றிக் காட்டுவது புரோகிராமின் வேலை. அதில், இந்த வருடத் தமிழ் ஆவணி என்றால் ஒரு நாளைக் கழி என்று ஒரு வரி. சும்மா, காரணமே இல்லாமல், ஒரு நாள்.

"இந்த ஆளுக்குக் கழித்தல் மேல் என்ன காதலோ" என்று அழித்தேன். சோதித்துப் பார்த்தேனா? பார்த்தேன். மலையாளத் தேதிகளை மட்டும். (பெரிய நிபுணி.) எல்லாம் சரியாக வந்தது, வேகமாகவும் வந்தது.

"இனி பேப்பரை நம்பாண்டாம் அண்ணா. பேப்பர்ல தப்பு வரும், இதுல வராது" என்றும் சொல்லிவைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்பா மண்டபத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வரக் கிளம்பினார். "அதெல்லாம் சிஸ்டத்துல உண்டுப்பா" என்று நான்தான் தடுத்தேன்.

மறுநாள் காலை பட்டுச் சேலையும் பூவுமாகக் காரை விட்டு இறங்கினால், மண்டபம் முழுக்க பலூன். மேடையில் தெர்மோகோலில் பெரிய எழுத்துகள்: ஷைனி – ஜெரோம். சமையல்கட்டில் எங்களுக்கான சேனைக்கிழங்கு மண்கூட உதிராமல் கிடந்தது.

தாஸ் அண்ணன் என்னைப் பார்த்து உண்மையாகவே திகைத்தார். "எதுக்கு மக்கா இன்னைக்கே வந்த? உனக்க கல்யாணம் நாளைக்காக்கும்."

"அண்ணா, பத்திரிகை தந்தோமே, பாக்கல்லியா?"

"பாத்தேன். அதுல இன்னைக்குன்னு கெடந்தது. கம்ப்யூட்டர்ல நாளைக்குன்னு உண்டு, இன்னைக்கு ஒழிவாக் கெடந்ததுன்னு இவங்களுக்குக் குடுத்தேன். பேப்பர்ல தப்பு வரும்னு நீதானே சொன்ன?"

அம்மா தலையில் கை வைத்தாள். "எடீ, இந்த வருசம் மலையாளச் சிங்க மாசம் பொறக்க ஒரு நாளுக்கு முன்னயே தமிழ் ஆவணி பொறந்துட்டு. அடுக்களையில ரெண்டு கலண்டரும் பக்கத்துல பக்கத்துலதானே தொங்குது?"

தொங்கியது. எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் தொங்கும். சில வருடம் தமிழ் மாதம் ஒரு நாள் முந்தும் என்பது இங்கே பால்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோயிற்று. அத்தனை குப்பைக்கு நடுவில் சுனில் சார் உருப்படியாக எழுதிய ஒரே வரியைத் தேடிப் பிடித்து அழித்திருக்கிறேன். ஆத்திரத்தில் அவரைப் போனில் பிடித்துக் கத்தினேன். "ஏது வரி? எனக்கு ஓர்மை இல்லை மோளே" என்றார். அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

முகூர்த்தம் தப்பினால் அடுத்த நல்ல நாள் எப்போதோ. மாப்பிள்ளை வீட்டார் கொல்லயிலில் இருந்து வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். மாமியாரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காப்பாற்றியவர் ஷைனியின் சித்தப்பா. திருப்புறத்துக்காரர், பலூன் கட்டிக்கொண்டிருந்தவர். "எங்களுக்குச் சர்ச்சுல கெட்டு முடிஞ்சு உச்சை பன்னெண்டு மணியாவும் இங்க வர. அதுக்குள்ள தாலியைக் கெட்டிட்டு எறங்குங்க. பலூனைத் தொடாண்டாம்" என்றார்.

அப்படித்தான் நான் ஷைனி – ஜெரோமுக்குக் கீழே உட்கார்ந்து தாலி வாங்கிக்கொண்டேன். வந்தவர்களுக்குக் கடைச் சாயாவும் பழம்பொரியும். ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட எங்கள் பெயர் இல்லை.

இப்போதும் வேலை முடிந்து வந்து, எவனோ எழுதிய குப்பையைப் பற்றி நான் புலம்ப ஆரம்பித்தால், அடுக்களையில் இருந்து கணவரின் குரல் வரும்: "ஷைனி, எதையும் அழிச்சிட்டு வரல்லியே?"

மாமியார் அதைவிட மோசம். எங்கள் கல்யாணப் படத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் அண்ணாந்து பெயரைப் படிக்கும்போது நிதானமாகச் சொல்வார்: "அது எனக்க மருமவ பேரு இல்ல. இவளுக்குக் கல்யாணம் மறுநாளாக்கும்."