ஓட்டை அக்கா கை கொடுத்த நாள்

கோல சிலாங்கூர் பக்கம் ரப்பர் கையுறைத் தொழிற்சாலைகள் ஏன் இப்படி வரிசையாக முளைத்தன என்று கேட்டால், படித்தவர்கள் நெடுஞ்சாலை என்பார்கள், கிள்ளான் துறைமுகம் என்பார்கள், அரசாங்கக் கொள்கை என்பார்கள். நான் புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். எனக்குத் தெரிந்து ஒரே காரணம்தான். அது ஓட்டை அக்கா.

அவருடைய உண்மையான பெயரை நான்தான் தினமும் ரிப்போர்ட்டில் எழுதினேன். இன்று யாராவது கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஓட்டை அக்கா என்றால் காவல்காரர் முதல் கன்டீன்காரர் வரை தெரியும்.

அவர் வேலை தண்ணீர் சோதனை. செய்து முடித்த கையுறைகளில் கொஞ்சத்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட வேண்டும். இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். எங்காவது ஒரு சொட்டு கசிந்தால் ஓட்டை. ஓட்டைகளின் எண்ணிக்கை அளவுக்கு மேல் போனால் அந்தச் சரக்கு முழுக்க நிராகரிக்கப்படும். மற்றவர்கள் அந்த இரண்டு நிமிடத்தில் போன் பார்ப்பார்கள், வடை சாப்பிடுவார்கள். அக்கா கண் கொட்ட மாட்டார். தொங்கும் கையுறையை அவர் முறைக்கிற முறைப்பில், ஓட்டை இல்லாத கையுறைகூட பயத்தில் வியர்த்துவிடும் என்று நாங்கள் சொல்வோம்.

பிரச்சினை என்னவென்றால், வேலை முடிந்தாலும் அவரால் ஓட்டை பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. ஒருநாள் தீயணைப்புப் பயிற்சிக்கு எல்லாரும் ஓடிப்போய் வாசலில் வரிசையாக நின்றோம். அதிகாரி நேரத்தைப் பார்த்துப் பாராட்டிக்கொண்டிருந்தார். அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"சார், தீப்புடிச்சா எல்லாரும் இங்கதான் வந்து நிக்கணுமா?"

"ஆமாக்கா."

"மேல போறது கேஸ் பைப்புதானே?"

மறுநாள் கூடும் இடத்தை மாற்றினார்கள்.

அக்காவின் அண்ணன் மகளைப் பெண் பார்க்க ஒரு பையன் வந்தான். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. நல்ல வேலை, நிரந்தர வேலை என்று பையனின் மாமா அடுக்கிக்கொண்டே போனார். அக்கா பலகாரத் தட்டை நீட்டியபடி கேட்டாராம்: "அவ்வளோ நல்ல வேலைக்குப் போற தம்பி, திங்கக்கெழமை காலைல பதினோரு மணிக்கு இங்க என்னா பண்ணுது?" அந்தச் சம்பந்தம் அந்தத் தட்டோடு முடிந்தது.

என்னை அவர் கிராணியம்மா என்றுதான் கூப்பிடுவார். ரப்பர் தோட்டத்தில் எழுத்து வேலை பார்ப்பவருக்குக் கிராணி என்று பெயர். நான் கணினியில் தட்டினாலும் அவருக்கு நான் கிராணிதான்.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து கையுறை வாங்குகிறவர்கள் சுற்றிப் பார்க்க வந்தார்கள். எங்கள் மேனேஜர் கோலாலம்பூர்க்காரர், படித்த தமிழர், நல்ல மனிதர்தான். பெரிய திரையில் வரைபடம் போட்டு நெடுஞ்சாலையையும் துறைமுகத்தையும் சிவப்புப் புள்ளியால் காட்டினார். பிறகு சோதனை அறைக்கு அழைத்து வந்தார். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மா அக்காவையே நேராகக் கேட்டுவிட்டார்: ஏன் இந்த ஊரில் இவ்வளவு தொழிற்சாலைகள்?

நான் தமிழில் கேட்டேன். அக்கா கையுறையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பதில் சொன்னார்.

"கிராணியம்மா, தொரசானிக்கு நல்லா வெளங்குற மாதிரி சொல்லு. இங்க பூரா பால்மரம் லா. விடியுமுன்ன பெரட்டுல நின்னு பேர் குடுப்போம், மரப்பட்டைய வெட்டிவிட்டுப் பால் எடுப்போம். பால் எப்போ கட்டியாவும், மழத்தண்ணி கலந்தா என்னாவும், எல்லாம் எங்க கைக்குத் தெரியும். அப்புறம் மரத்தச் சாச்சிட்டு எண்ணெய்க்குச் செம்பனை வெச்சாங்க. செம்பனைக்கு இத்தனை ஆளு வேணாம்னுட்டாங்க. லயத்து வீட்டுல சும்மா ஒக்காந்திருந்தோம். அந்த நேரம் பாத்து ஒலகத்துல ஏதோ புதுச் சீக்கு வந்துச்சு, டாக்டருங்க எல்லாம் கிளவ்ஸ் கேட்டாங்க. பாலுக்குப் பழகுன கை எங்க கெடக்குதுன்னு மொதலாளிங்க தேடுனாங்க. இங்க கெடந்துச்சு. வேன் அனுப்புனாங்க, ஏறிட்டோம்."

மேனேஜர் சிரித்துக்கொண்டே, "ஹைவேயும் இருக்குதுக்கா," என்றார்.

"ரோடு கிளவ்ஸ் செய்யுமா சார்?"

அந்த அம்மா விடவில்லை. மரங்கள் போய்விட்டனவே, இப்போது பால் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்.

"தாய்லாந்துலேருந்து லோரியில வருது. மரம் அங்க போயிருச்சு. நாங்க போவல."

நான் அதை ஆங்கிலத்தில் சொல்லும்போதே அக்கா அடுத்த கையுறையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில்தான் அந்த வியாழக்கிழமை வந்தது. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்குப் போக வேண்டிய சரக்கு. கண்டெய்னர் லோரி காலையிலேயே வந்து வாசலில் நின்றுவிட்டது. அக்காவின் சோதனையில் ஓட்டை அளவுக்கு மேல் போனது. மேனேஜர் வேறொரு பெண்ணை வைத்து மறுபடி பார்க்கச் சொன்னார். அளவுக்குள் வந்தது, மயிரிழையில்.

"பாஸ்தான் அக்கா. ஃபாரத்துல சைன் போடுங்க."

"போட மாட்டேன்."

"அக்கா, லோரி வந்து நிக்குது லா."

"நிக்கட்டும். சக்கரம் இருக்குது, எப்போ வேணும்னாலும் போவும்."

"ஆயிரத்துல ஏதோ ஒண்ணு ரெண்டு. யாருக்கும் தெரியாது."

அக்கா பேனாவை மேசையில் வைத்தார். "அந்த ஒண்ணுக்குள்ள ஒரு ஆளோட கை இருக்குமே சார்."

அக்கா கசிந்த கையுறைகளை எல்லாம் மேசையில் பரப்பினார். எல்லா ஓட்டையும் ஒரே இடத்தில். சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே, அந்தக் கவட்டையில்.

"ஓட்டை தானா வந்தா அங்கொண்ணு இங்கொண்ணு வரும். எல்லாம் ஒரே எடத்துல வந்தா அது பாலோட குத்தம் இல்ல. கையோட குத்தம்."

கை என்று அவர் சொன்னது பீங்கான் கையை. ஒரு நீளமான சங்கிலியில் ஆயிரக்கணக்கான பீங்கான் கைகள் விரல்கள் கீழே பார்க்கத் தொங்கிக்கொண்டு போகும். ரப்பர் பாலில் முங்கும், அடுப்பில் காயும், கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி முங்கப் போகும். போன மாதம்தான் பழைய கைகளில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் புதியவற்றை மாட்டியிருந்தார்கள். அவற்றில் சில விரலிடுக்கில் உடைந்து சில்லுப் போயிருக்கின்றன என்றார் அக்கா.

"எப்படிக்கா தேடுறது? ஆயிரக்கணக்குல இருக்குது!"

"லைன்ல பால் விடாம, மெதுவா ஒரே ஒரு ரவுண்டு விடுங்க. நான் பாத்துக்கறேன்."

"ஒண்ணும் கெடைக்கலன்னா?"

"நாளைக்கே என்னைப் பேக்கிங்குக்கு அனுப்பிருங்க."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேக்கிங் என்றால் பெட்டிக்குள் எண்ணி அடுக்கும் வேலை. ஓட்டை பார்க்கவே வழியில்லாத இடம். அக்காவுக்கு அதைவிடப் பெரிய நாடுகடத்தல் வேறு கிடையாது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "ஒரே ஒரு ரவுண்டு," என்றார்.

அடுப்பை அணைத்தார்கள். சங்கிலி ஊர்ந்தது. அக்கா ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். "கண்ணக் கட்டிக்கிட்டு யாராச்சும் வழி பாப்பாங்களா?" என்று வெறும் கையை நீட்டினார். வந்த ஒவ்வொரு பீங்கான் கையையும் பிடித்து, விரலிடுக்கில் ஒரு தடவு தடவி, அனுப்பினார். தேர்தல் நேரத்தில் எந்த அமைச்சரும் அத்தனை பேருக்குக் கை கொடுத்திருக்க மாட்டார்.

பாதிச் சுற்று முடிந்தது. ஒன்றும் இல்லை. லோரி டிரைவர் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஆயிஸ் என்ற ஐஸ் தேநீரை உறிஞ்சிக்கொண்டு உள்ளேயே வந்து வேடிக்கை பார்த்தார். பேக்கிங் பெண்கள் பாவமாகப் பார்த்தார்கள். அக்காவின் முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது. நான் தண்ணீர் நீட்டினேன். "வழிய மறைக்காத," என்றார்.

முக்கால் சுற்று தாண்டியபோது விரலை வெடுக்கென்று இழுத்தார். நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி.

"இந்தா இருக்குது சார்."

மேனேஜர் ஓடிவந்து குனிந்து பார்த்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நம்பாமல் தன் விரலை விட்டு அழுத்தித் தேய்த்தார். "ஸ்ஸ்!" என்று உதறினார்.

"இப்போ பாஸா சார்?" என்று கேட்டார் அக்கா.

அதற்குப் பிறகு ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. எல்லாம் ஒரே பெட்டியில் வந்து ஒன்றாக மாட்டப்பட்டவை. அடையாளம் வைக்க எதுவும் கையில் இல்லை. அக்கா பையிலிருந்து ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்தார். சில்லுப்போன ஒவ்வொரு கைக்கும் மேலே, அதைத் தாங்கும் இரும்பில், ஒரு பொட்டு. கடைசிக் கைக்கு அட்டையில் மிச்சமில்லை. நெற்றியில் இருந்ததை எடுத்து ஒட்டினார். சுற்று முடிந்து சங்கிலி நின்றபோது, எங்கள் தொழிற்சாலையில் ஒரு வரிசைப் பீங்கான் கைகள் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டதுபோல் பொட்டு வைத்துக்கொண்டு தொங்கின.

லோரி காலியாகத் திரும்பியது. மேனேஜர் அறைக்குள் போய் வாங்குகிறவர்களுக்குப் போன் செய்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் காது சிவந்ததை நாங்கள் பார்த்தோம். சரக்கு ஒரு வாரம் தாமதமாக, கசியாமல், போய்ச் சேர்ந்தது. அவர் அக்காவிடம் நன்றி என்று சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் எந்தப் பீங்கான் கையும் அக்கா தடவிப் பார்க்காமல் சங்கிலியில் ஏறக்கூடாது என்று உத்தரவு போட்டார். கைரேகைக்காரி என்று அக்காவுக்கு இன்னொரு பெயர் வந்தது. அடுத்த முறை விருந்தினர்கள் வந்து, ஏன் இந்த ஊரில் என்று கேட்டபோது, மேனேஜர் திரைப் பக்கம் போகவில்லை. சோதனை அறைக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி ஷா ஆலாமுக்கு வந்துவிட்டேன். அக்காவும் ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். போன மாதம் அம்மாவுக்கு மருந்து வாங்க கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே அவர் சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். பார்த்த உடனே நலம்கூட விசாரிக்கவில்லை.

"ஏன் கிராணியம்மா, கண்ணுக்குக் கீழ இப்படிக் கறுத்துக் கெடக்குது?"

"ஒண்ணுமில்லக்கா. எல்லாம் நல்லாத்தான் இருக்குது."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷா ஆலாமில் எனக்கு எத்தனையோ பேரைத் தெரியும். அவர்களில் ஒருவர்கூட என்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மருந்துக் கவுன்டரில் என் நம்பரைக் கூப்பிட்டார்கள். கூப்பிடட்டும் என்று அக்காவை ஒட்டி உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.