அக்காளைச் சைக்கிளில் ஏற்றி விராலிமலை சேர்த்த விவரம்

விராலிமலை,
பிரமாதி வருஷம் தை மாதம் 13ஆம் தேதி.

கொழும்பு ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் மருமகன் சிரஞ்சீவி கண்ணுசாமிக்கு, தாய்மாமன் பெரியகருப்பன் சகல ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் ஆத்தாளும், என் இடது முழங்கால் நீங்கலாக, க்ஷேமம். உன் உடம்புச் சூடு இறங்கியது என்ற சேதிக்குத்தான் காத்திருக்கிறோம்.

உனக்குக் காய்ச்சல் என்று தந்தி வந்த அன்றே உன் ஆத்தா நேர்ந்துகொண்டாள். மீமிசலிலிருந்து விராலிமலைக்கு நடந்து வருவது. அன்னவாசலில் செம்பு நிறையப் பால் வாங்கி, அங்கேயே வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, தைப்பூசத்து உச்சிக்கால பூசையில் முருகன் தலையில் அந்தப் பால் விழும்வரை ஒரு வார்த்தை பேசாதிருப்பது. நடை குறைந்தால் முருகன் பொறுப்பான், பேசினால் நேர்த்தி கெட்டது. அப்புறம் உன் கதி என்ன என்பதுதான் அவள் பயம். துணைக்கு நான். ஐம்பது மைலுக்கு மேல் நடந்தோம். நான் ஓடியே வந்திருப்பேன், கூட வருகிறவர்களுக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். பூசத்தன்று அன்னவாசலில் விடிந்து பார்த்தால் உன் ஆத்தாளுக்குக் கால் பூசணிக்காய் போல வீங்கியிருக்கிறது. கூட நடந்து வந்த கூட்டம் முன்னே போய்விட்டது. வண்டி எதுவும் இல்லை. இன்னும் பதினைந்து மைல். கட்டிய வாயோடு கண்ணால் அழுகிறாள்.

நேரே அவ்வூரில் சூசைராஜ் என்பவனின் வாடகைச் சைக்கிள் கடைக்குப் போனேன். "அண்ணே, மணி அடிக்காது, பிரேக்கும் பிடிக்காதுங்க. எறக்கத்துல பாத்துப் போங்க. ஓட்டத் தெரியுமில்ல?" என்றான். "மூணாம் பாரம் படிச்சவனைப் பாத்துக் கேக்கிற கேள்வியாப்பா இது?" என்றேன். சைக்கிளை எடுத்துக் கொடுத்தான். மைல் கல்லில் கால் ஊன்றித்தான் நான் சைக்கிள் ஏறுவது. ஆகையால் மைல் கல் இல்லாத இடத்தில் இறங்குவதில்லை என்பது என் கொள்கை. உன் ஆத்தா வாழை இலை போட்டு வாய் கட்டிய செம்பை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் காரியரில் உட்கார்ந்தாள். பேச முடியாதவளுக்காக ஒரு சட்டம் போட்டேன். "அக்கா, முதுகுல ஒரு தட்டுத் தட்டினா நிப்பேன். ரெண்டு தட்டுன்னா வேகமாப் போவேன்." தலையாட்டினாள்.

இலுப்பூர் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. எதிரே வந்த ஒருவர், "வெரசாப் போங்க, அங்கிட்டு அபிஷேகத்துக்கு எல்லாம் எடுத்து வச்சாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வந்தது பார் மாப்பிள்ளை ஒரு இறக்கம்! சக்கரம் சுற்றுவதே கண்ணுக்குத் தெரியவில்லை. நடு ரோட்டில் ஆட்டு மந்தை, இருநூறு உருப்படி, ஐந்நூறு என்றே வைத்துக்கொள். முதுகில் ஒரு தட்டு விழுந்தது. நிற்பது எப்படி என்று யோசிப்பதற்குள் இன்னொரு தட்டு. இரண்டு என்றால் வேகம், மிதித்தேன். உடனே மூன்று, நான்கு, ஐந்து. ஐந்துக்குச் சட்டமே போடவில்லையே! இரண்டிரண்டாகக் கழித்துப் பார்த்தேன், ஒன்று மிஞ்சியது. அதற்குள் ஆறாவதும் விழுந்து கணக்குச் சரியாகிவிட்டது. "வெலகு! வெலகு!" என்று நான் போட்ட சத்தத்தில் மந்தை இரண்டாகப் பிளந்தது. "அடப்பாவி, சைக்கிளா ஓட்டுற, சாமி வந்துல்ல ஆடுற!" என்றான் ஆட்டுக்காரன். இறக்கத்தின் அடியில் சின்னப் பாலம். சைக்கிள் ஒரு முழம், இல்லை, ஓர் ஆள் உயரம் எழும்பி இறங்கியது.

அதற்கப்புறம் தட்டே இல்லை. அக்காளுக்குத் திருப்தி என்று தெரிந்துகொண்டேன். சைக்கிளும் பஞ்சாய் மிதந்தது; முருகனே பின்னாலிருந்து தள்ளினான். மலை தெரிந்தது, மேளம் கேட்டது, பால் போய்ச் சேருமா சேராதா என்று மூச்சு முட்ட மிதித்து அடிவாரத்துக் கல்லில் காலை ஊன்றினேன். உச்சிக்கால மணி அடித்தபோது உன் ஆத்தா சந்நிதியில் நின்றாள். யாரால் என்று நானே சொல்லிக்கொள்வது அழகல்ல.

டாக்டர் தரும் மருந்தை முகம் சுளிக்காமல் குடி. வேலவன் உன் தலைமாட்டில் நிற்பானாக.

இப்படிக்கு,
உன் மாமன் பெரியகருப்பன்.

பி.கு.: மேற்படி கடிதத்தை உன் ஆத்தாளுக்கு வாசித்துக் காட்டினேன். நேர்த்தி முடிந்ததிலிருந்து அவள் பேச்சை நிறுத்தவே இல்லை. சொன்னதை எழுதாவிட்டால் தபாலில் போட விடமாட்டாளாம். "டேய் கருப்பா, பாலத்துலயே நான் விழுந்துட்டேன்னு எழுதுடா. ரெண்டு மைலு வெறுங் காரியரைத்தானடா மிதிச்சுக்கிட்டுப் போன!" வாஸ்தவம். பின்னால் வந்த செபமாலை என்பவரின் கருவாட்டு வண்டிதான் அவளை ஏற்றி வந்தது. அவர் என்ன கேட்டும் பதில் இல்லையாம். மலையை மட்டும் கையால் காட்டினாளாம். மனுஷர் மாட்டை விரட்டிக்கொண்டு வந்தார். வந்தபோது நான் அடிவாரத்தில் நடு ரோட்டில் உட்கார்ந்து, அக்கா அக்கா என்று அழுதுகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை, இதில் ஒரு சொல் கூட்டவில்லை. இரண்டு முழங்கையும் சிராய்த்து ரத்தம், செம்பில் பால் அப்படியே. விழும்போது ஒரு ஐயோ சொல்லியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். "எப்புடிடா சொல்லுவேன், புள்ள அங்க கெடக்கிறானே" என்கிறாள்.

அவள் அவிழ்த்துப் போட்ட துணியை இன்று நான் என் வாயில் கட்டிக்கொண்டேன். நீ பிழைத்து எழுந்து உன் கையால் இரண்டு வரி எழுதி, அது வந்து சேரும்வரை எனக்குப் பேச்சில்லை. சீக்கிரம் எழுது, மாப்பிள்ளை. என்னால் தாங்காது.