மஞ்சள் முட்டுக்கட்டை

சக்கரம் வைத்த எதையும் நம்பாத மனிதர் திருவண்ணாமலையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். தொண்ணூறுகளில் நான் மேனேஜராக இருந்த லாட்ஜின் வாட்ச்மேன் அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. தெருவுக்கே அவர் ‘முட்டுக்கட்டை’.

லாட்ஜ் வாசல் தெருவை நோக்கிச் சரிவாக இறங்கும். வண்டி வந்து நின்றதும், டிரைவர் கதவைத் திறப்பதற்குள் சக்கரத்தின் அடியில் ஒரு வேலமரக் கட்டையைச் செருகிவிடுவார். ஒருநாள் ரிசப்ஷனில் சக்கரம் வைத்த என் சுழல் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். நகரவில்லை. குனிந்து பார்த்தால் அதற்கும் ஒரு குட்டிக் கட்டை!

“ஹேண்ட் பிரேக் எதுக்குய்யா இருக்கு?” என்று கேட்டால், “வண்டி நிக்குதுன்னு நமக்குத் தெரியும் சார். வண்டிக்குத் தெரியணும் இல்ல?” என்பார்.

போடுவதில் இருந்த அக்கறை எடுப்பதில் கிடையாது. ஒரு முகூர்த்த நாளில், மறந்துபோன கட்டையின் மேல் மாப்பிள்ளை கார் ஏறிக் குதித்தது. மாப்பிள்ளை தலை கூரையில் இடித்து, தலைப்பாகை மூக்குவரை இறங்கிவிட்டது. பெண் வீட்டார் அதை அபசகுனம் என்று பிடித்துக்கொண்டார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். “இன்னொரு கம்ப்ளைண்ட் வந்துச்சு, அன்னிக்கே ஆள வூட்டுக்கு அனுப்பிடு. என் பொழப்புக்கே முட்டுக்கட்டை போடறான்யா.”

இந்த வேலை போனால் கீழ்பென்னாத்தூரில் மழையை நம்பி நிலக்கடலை போடும் அரைக் காணி மல்லாட்டைக் கொல்லைதான் அவருக்கு மிச்சம். கட்டையை விட்டுவிடும்படி காலைப் பிடிக்காத குறையாக அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். கட்டையைக் கீழே வைக்கவில்லை.

அடுத்த பௌர்ணமி காலை, ஜெர்மனிக்காரத் தம்பதி ஒன்று ஜீப்பின் பின்னால் சக்கரம் வைத்த ஒரு வீட்டையே கட்டி இழுத்து வந்தது. கட்டில், அடுப்பு, ஜன்னல் திரை எல்லாம் உண்டு. தெருவே வாயைப் பிளந்தது. அந்த அம்மாள் அதற்குள்ளேயே டீ போடப் போனார். கணவர் பெட்டியைத் திறந்து, பளபளவென்று இரண்டு மஞ்சள் முட்டுக்கட்டைகளை எடுத்தார்.

முட்டுக்கட்டைக்குக் கண் கலங்கிவிட்டது. “சார், அந்த ஊர்லயும் நம்பள மாதிரி ஆளு இருக்காங்க சார்!”

மறுநொடியே முகம் மாறியது. “மேட்டுப் பக்கம் போடறாரு சார். பள்ளத்துப் பக்கம் இல்ல போடணும்?”

“வாய மூடுய்யா. அவருக்குத் தெரியாததா?” என்று அதட்டினேன். முதலாளி வேறு பின்னால் நின்றார்.

முட்டுக்கட்டை எங்கள் இருவரையும் பார்த்தார். அப்புறம் விறுவிறுவென்று போய், பள்ளத்துப் பக்கம் தன் வேலமரக் கட்டைகள் இரண்டையும் செருகினார். “யோவ்!” என்று முதலாளி கத்தவும், ஜெர்மனிக்காரர் ஜீப்பிலிருந்து கொக்கியைக் கழற்றவும் சரியாக இருந்தது.

வீடு பின்னால் நகர்ந்தது. சரிவின் கீழே தெருவோரம், கிரிவலம் வந்த கூட்டம் குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ‘டக்’கென்று ஒரு சத்தம். அரைச் சாணில் வீடு நின்றது. மஞ்சள் கட்டைகள் மேட்டுப் பக்கம் சும்மா கிடந்தன. அந்த அம்மாள் உடம்பெல்லாம் டீயோடு எட்டிப் பார்த்தார்.

முதலாளி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “யோவ், என் காருக்குப் போட்டியா?” என்று கேட்டார். அதன்பின் வீட்டுக்கு அனுப்பும் பேச்சே எழவில்லை.

ஜெர்மனிக்காரர் போகும்போது மஞ்சள் கட்டைகளை முட்டுக்கட்டையிடமே கொடுத்தார். இவர் அவற்றைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார். எந்த வண்டிக்கும் போட்டதில்லை. “இது வேற சார்” என்பார்.

சென்னையில் வேறு வேலை கிடைத்து நான் கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டுவரை பெட்டியைத் தூக்கி வந்தார். ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் உறுமவிட்டுப் பார்த்தார். பஸ் நகரவில்லை.

“எவன்யா கட்டை போட்டது?” என்று கத்திக்கொண்டே கண்டக்டர் இறங்கினார். ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தேன். முன் சக்கரத்தின் அடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. தூணோரம் நின்ற முட்டுக்கட்டை, என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.