நகம் பாயும் மாப்பிள்ளையின் நீல வண்டியும்

திண்டுக்கல் வட்டாரத்தில் நகம் பாயிடம் பொய் சொல்லித் தப்பித்தவர் இதுவரை ஒருத்தரும் கிடையாது. நத்தம் ரோட்டில் தகர ஷெட் போட்டு மோட்டார் சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். வலது ஆள்காட்டி விரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருப்பார். கீறல் மேல் அதை ஓடவிடுவார். வழுக்கினால், "பாலிஷ் போட்டாப் போயிரும், போ." சிக்கினால் ஆழமான கீறல். அப்போது ஸ்டூலைக் காட்டி, "உக்காரு. எப்படி விழுந்துச்சு?" என்பார். உண்மையைச் சொல்லாதவன் வண்டியில் கை வைக்க மாட்டார்.

ஸ்பிரே அடிக்கும்போது தூசி கிளம்பக் கூடாதென்று தரையெல்லாம் தண்ணீர் தெளிப்பார். பக்கத்து டீக்கடை ஃபேன் நிற்க வேண்டும். யாரும் தும்மக் கூடாது. ஒரு தடவை அவர் கையைக் காட்டியதும் கல்யாண ஊர்வலமே செத்த நேரம் நின்றுவிட்டுப் போனது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். என் தங்கச்சி வத்தலக்குண்டுப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். வேண்டாமென்று அதிகம் குதித்தவன் நான்தான். கல்யாணத்துக்கும் போகவில்லை. அப்பா ஒருவழியாக மனசு மாறி விருந்துக்கு அழைக்க, மாப்பிள்ளை புது நீல வண்டியில் தங்கச்சியோடு வந்து இறங்கினார். நான் "வாங்க" என்றேன். அவர் "ம்" என்றார். அதோடு சரி.

கறிக்கடைக்குப் போக என் வண்டி கிளம்பவில்லை. அம்மா மாப்பிள்ளையிடம் சாவியை வாங்கி என் கையில் திணித்தாள். வெளியே எடுக்கும்போதே வாசல் கேட்டின் கொக்கி, பெட்ரோல் டேங்கை ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. வேணும்னே செய்தேன் என்றுதான் அவர் நினைப்பார். நேராகப் பாயிடம் போனேன்.

"புளியமரத்துல உரசிருச்சு பாய். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள சரி பண்ணிருங்க."

நகம் சிக்கியது. பாய் குனிந்து பார்த்தார். "கீறலுக்குள்ள பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருக்கு. புளியமரத்துக்கு எவன்யா பெயிண்ட் அடிச்சான்?"

எங்கள் வீட்டு கேட் பச்சை. எல்லாவற்றையும் சொன்னேன், கல்யாணத்துக்குப் போகாதது உட்பட.

பாய் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தார். விரல் நீளக் கீறல், உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் திட்டானது.

"என்ன பாய், இம்புட்டுப் பெருசாக்கிட்டீங்க?"

"சுத்தியும் தேச்சாத்தான் பள்ளத்தை அடைக்கிற பட்டி பிடிக்கும். அப்புறம் பிரைமர், கலர். ஒவ்வொண்ணும் காயணும். நாளைக்குச் சாயங்காலம்தான். இனிமே மறைக்க முடியாது அப்பு. மாப்பிள்ளைக்குப் போன் போடு."

மாப்பிள்ளையின் நம்பர்கூட என்னிடம் இல்லை. தங்கச்சியிடம் கேட்டு வாங்கினேன்.

ஆட்டோவில் வந்து இறங்கினார். "நான்தான் கேட்டுல உரசிட்டேன். வேணும்னு பண்ணல" என்றேன். அவர் திட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் பாயின் நகம் டேங்கின் மறுபக்கம் போய் ஓரிடத்தில் நின்றது.

"இது கம்பெனிப் பெயிண்ட் இல்லையே. பொம்பளைங்க பூசுற நெயில் பாலிஷ்தானே?"

மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கியது. பாய் அவருக்கும் ஸ்டூலைக் காட்டினார்.

"உங்க தங்கச்சிதான் மச்சான். ஓட்டிப் பழகுறேன்னு சுவத்துல சாத்திட்டா. அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் குறை சொல்லும்னு அவளே பூசி மறைச்சா."

என்னை அவர் மச்சான் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அடக்க அடக்க இரண்டு பேருக்கும் நிற்கவில்லை.

"வெளிய போய்ச் சிரிங்கப்பா, பட்டி பூசணும்" என்று விரட்டினார் பாய்.

கறி வாங்க மறந்து ஒரே ஆட்டோவில் வீடு திரும்பினோம். கறிக்குப் பதில் விருந்துக்கு வெஞ்சனம் அவித்த முட்டை. மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால், எந்தப் பக்கம் கீறல் இருந்ததென்று எங்களுக்கே தெரியவில்லை.

போன மாசம் தங்கச்சிக்குப் பெண் பிறந்தது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போனில் சொல்லிவிட்டோம். பாயிடம் மட்டும் நானும் மாப்பிள்ளையும் நேரில் போய்ச் சொன்னோம்.