ஜாக்கிரதைக்காரர் ஊர் சுற்றிக் காட்டுகிறார்

வாசகரே, எங்கள் சாவோ பாவுலோவில் ஜாக்கிரதைக்காரர் என்றொரு ரகம் உண்டு. பழைய நகர மையத்தில் இவர் கால் வைத்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். ஆனால் அங்கே எந்த மூலையில் யார் யாரைத் தள்ளிவிட்டு எதைப் பிடுங்கினான் என்று கேளுங்கள், பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொல்லுவார். வெளியூர் விருந்தாளிக்கு அந்த இடத்தைச் சுற்றிக் காட்டுவதும் இவரேதான். விருந்தாளியுடையதையும் சேர்த்து நல்ல போன்களையெல்லாம் வீட்டில் ரொட்டி சுடும் அடுப்புக்குள் ஒளித்துவிட்டு, எவனாவது மிரட்டினால் கொடுப்பதற்கென்று ஓர் ஓட்டை போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார். அதற்குப் பெயரே திருடன் போன். திருடனுக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கே கிடைக்கும்?

என் பக்கத்து வீட்டு வால்தெசீர் இந்த ரகத்தில் உச்சம். அவருடைய அத்தை சொராய்டி போன மாதம் வந்தார். தன் ஊர்ச் சர்ச்சில் பாட்டுக்குழுவில் இருப்பவர். எங்கள் நகர மையத்து நாடக அரங்கின் படிக்கட்டில் நின்று படம் எடுத்து அனுப்புகிறேன் என்று குழுவில் சவால் விட்டிருந்தார். அவர் பஸ் ஏறுவார் என்றே பாதிப் பேர் நம்பவில்லை.

வால்தெசீர் அவரை இழுத்துக்கொண்டு ஓடினார், துணைக்கு வந்த நானும் பின்னால் ஓடினேன். கதீட்ரல் வந்தது, போனது.

"அத்தே, மேலே பாக்காதீங்க! வெளியூர்னு தெரிஞ்சிடும்."

"மேலே பாக்காம கோபுரத்தை எப்படிடா பாக்கறது?"

"டிவில பாத்துக்கலாம், நடங்க!"

பாலத்தையும் ஓட்டமாகவே கடந்தோம். அரங்கின் வாசலில் ஒருவன் பின்னாலிருந்து பாய்ந்து வந்தான். வால்தெசீர் இரண்டு கையையும் தூக்கி, "பையில இருக்கு, எடுத்துக்கப்பா!" என்று அலறினார்.

"என்னத்தை எடுத்துக்கறது? பாலத்துலயே கீழே போட்டுட்டீங்க. கூப்பிடக் கூப்பிட ஓடறீங்களே பெரியவரே!" என்று மூச்சு வாங்க அவன் நீட்டியது திருடன் போனைத்தான்.

அத்தை சமயத்தை விடவில்லை. "தம்பி, இதுல படம் விழாது. உன்னுதுல ஒண்ணு எடுத்து அனுப்பறியா?" என்று கேட்டுவிட்டுப் படியேறி, பாட்டு ஆரம்பிக்கப்போகிறவர் போல மார்பில் கை வைத்து நின்றார். அவன் மண்டியிட்டு, தூண்களெல்லாம் படத்தில் விழும்படி ஆசையாக எடுத்தான்.

"நம்பர் சொல்லுங்க."

அத்தைக்குத் தன் நம்பர் மனப்பாடம் இல்லை. வால்தெசீர்தான் சொன்னார். முன்பின் தெரியாதவனிடம் உண்மை நம்பரைச் சொல்லிவிடுவாரா? கடைசி இரண்டு எண்களை மாற்றிச் சொன்னார்.

அத்தை படம் இல்லாமலே ஊர் திரும்பிவிட்டார். பாட்டுக்குழு இன்னும் சிரிக்கிறது, எனக்கோ வயிறு எரிகிறது. அவன் அந்தப் படத்தை அப்போதே, எங்கள் கண் முன்னால் அனுப்பினான். யாருக்கோ போய்ச் சேர்ந்துமிருக்கிறது. மார்பில் கை வைத்த ஓர் அம்மாள், பின்னால் தூண்கள். உங்களுக்கு வந்ததா, வாசகரே? தெரியாத நம்பர், ஏதோ மோசடி என்று திறக்காமலே அழித்துவிட்டீர்கள், இல்லையா?