மருமகள் என்னை விரட்டவில்லை

மரியாதைக்குரிய சம்பந்தி பூபதி அவர்களுக்கு, கோட்டைக்குப்பத்திலிருந்து தாமோதரன் தன் சொந்தக் கையால் எழுதிக்கொண்டது.

இங்கே நான் சுகம். மகன் சிவசங்கர் சுகம், கடலுக்குப் போயிருக்கிறான். படகு சுகம். உங்கள் மகள் வெண்ணிலா மட்டும் சுகமாக இல்லை, அதற்குக் காரணம் நீங்கள். அங்கே நீங்களும் சம்பந்தி அம்மா ரங்கம்மாளும் கல்யாண மாப்பிள்ளை அஜித்குமாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று எங்கள் ஊர் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். கோபத்தோடுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனாலும் வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று. யாரோ எழுதிக் கொடுத்து நான் கைநாட்டு வைத்த கடிதம் இது என்று நினைக்க வேண்டாம். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்புக்கு எட்டு மாதமாகப் போகிறேன். வயது அறுபத்தெட்டு. இதுவரை எழுதியதற்கே காலையில் ஆரம்பித்து வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மேலே 'சுகம்' ஐந்து இடத்தில் வந்திருக்கிறது. ஐந்தும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள். போனில் பேசலாமே என்பீர்கள். ஏழு தடவை அடித்தேன். ஏழு தடவையும் கட் பண்ணினீர்கள். கடிதத்தைக் கட் பண்ண முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வெண்ணிலாவுக்குப் போன் போட்டு, "மாமனாருக்குச் சோறு போடாம தொரத்தினவ என் புள்ள கல்யாணத்துல வந்து நிக்கக் கூடாது, நாத்தனார் முடிச்ச உன் சித்தி பொண்ணு திவ்யா போடுவா" என்று சொன்னீர்களா இல்லையா? மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சு போட்டால் மற்ற இரண்டையும் கூடப் பிறந்த அக்கா போட வேண்டும். அக்கா உயிரோடு, கையும் காலும் நன்றாக இருக்கும்போது சித்தி பெண் போடுவதை எந்த ஊரில் பார்த்தீர்கள்? அந்த முடிச்சு போடுவதற்கென்றே அவள் வாங்கிய பட்டுச்சேலை பீரோவில் இருக்கிறது. அவள் அழவில்லை. அழுதால் பரவாயில்லை. அரிவாள்மனையில் மீன் கொஞ்சம் வேகமாக அறுபடுகிறது, அவ்வளவுதான். பக்கத்தில் போக எனக்குப் பயமாக இருக்கிறது. கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரை உட்கார வைத்து இதை உரக்கப் படியுங்கள்.

நம் பழவேற்காட்டுக்கு சனி ஞாயிறு ஆனால் மோட்டார் சைக்கிளில் பட்டணத்து ஆட்கள் வருகிறார்கள் அல்லவா, துணிக் கூடாரம் அடித்து ஒற்றை ஆளாய்க் கரையில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒருவனிடம் கேட்டேன், "இன்னாத்துக்குப்பா இப்படி?" என்று. "நிம்மதி, தாத்தா" என்றான். எனக்கு அது மனதில் தைத்துவிட்டது சம்பந்தி. ஐம்பது வருஷம் கடலிலும் ஏரியிலும் தொழில் பார்த்தேன், படகில் எப்போதும் இன்னும் நாலு பேர், வீட்டில் ஆறு பேர், ஏலம் போடுகிற இடத்தில் நூறு பேர், நான் தனியாக ஒரு முழு நாள் இருந்ததே கிடையாது. இன்னொன்று, இந்த ஏரியைச் சுற்றி எனக்குத் தெரியாத ஊர் இல்லை, ஆனால் எல்லாம் தண்ணீர் வழியாகத் தெரிந்ததுதான். ரோடு வழியாகப் போனால் ஊருக்கு ஊர் போர்டு இருக்கும், இப்போது எனக்குப் படிக்கத் தெரியும். இரண்டு நாள் தனியாகப் போய், போர்டு போர்டாகப் படித்துவிட்டு வருகிறேன் என்றேன். சிவசங்கர் சிரித்தான். வெண்ணிலா சிரிக்கவில்லை. "போய்ட்டு வா மாமா" என்று சொல்லி, படகுக்குப் போடும் நீலத் தார்ப்பாயைத் துவைத்துக் காயவைத்து, புளிச்சோறு கட்டி, கருவாடு சுட்டு, தண்ணீர் கேன், போர்வை எல்லாம் ஒரு சாக்குப் பையில் போட்டு எக்ஸெல் வண்டியின் பின்னால் அவள் கையாலேயே கட்டினாள். (எக்ஸெல்லும் மோட்டார் சைக்கிள்தான். இல்லை என்கிறவர்கள் வந்து உதைத்து ஸ்டார்ட் பண்ணட்டும்.) நான் வழி தவறினால் என்ன செய்வது என்று சாக்கின் மேல் பெயிண்டில் அவள் போன் நம்பரைப் பெரிதாக எழுதினாள். தொலைந்துபோகிற மாடா நான் என்று கேட்டேன். கேட்காமல் எழுதினாள். அந்த நம்பரால்தான் எல்லாம் கெட்டது. விரட்டுகிற மருமகள் போன் நம்பர் எழுதி அனுப்புவாளா? இதை நாலு பேர் முன்னால் இரண்டு தடவை படியுங்கள்.

சனிக்கிழமை காலை கிளம்பினேன். பொன்னேரி வரைக்கும் ஒரு போர்டு விடவில்லை. ஊர்ப் பெயர், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, காதணி விழா பேனர், 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' எல்லாம் நிறுத்தி நிறுத்திப் படித்தேன், பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், அடிக்கட்டும், அவன் சின்ன வயதிலேயே படித்துவிட்டவன், அவனுக்கு என்ன தெரியும். எளாவூர் டீக்கடையில் வண்டியை நிறுத்தியபோது கடைக்காரர் சாக்கைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க பெருசு போற?" என்றார். "எங்கயும் இல்ல" என்றேன். "யாரு கூட?" என்றார். "யாரும் இல்ல" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? அவர் டீயோடு ஒரு பன்னும் கொடுத்து, "எல்லாம் சரியாப் பூடும், மனச வுட்றாத" என்றார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அங்கிருந்து கிழக்கே திரும்பி, மண் ரோட்டில் போய், ஏரிக்கரையில் ஆள் இல்லாத இடமாய்ப் பார்த்துத் தார்ப்பாயைக் கட்டினேன். கட்டினேன் என்று சொல்வது லேசு. கை பழக்கம் என்ன, பாய்மரம் கட்டின கை, காற்றுக்கு வாய் திறந்து வைத்துக் கட்டிவிட்டேன். கச்சான் காற்று மேற்கே இருந்து ஒரு அடி அடித்தது, கூடாரம் கிளம்பிவிட்டது, அதன் பின்னால் நானும் ஓடினேன். அதைப் பார்த்து சரவணன் வந்தான். அவன் அப்பனும் நானும் ஒரு காலத்தில் சேர்ந்து இறால் வலை போட்டவர்கள். தார்ப்பாயைப் பிடித்துக் கொடுத்துவிட்டு என் எதிரில் குந்திக்கொண்டான்.

"இன்னா நைனா, இங்க வந்து கீறே?"

"சும்மாதான்டா."

"வூட்ல எல்லாம்?"

"நல்லாக் கீறாங்க."

"அப்புறம் நீ ஏன் இங்க?"

"தனியா இருக்கலாம்னு."

அவன் எழுந்துபோய்ப் பெண்டாட்டி கோமளாவிடம், "வூட்ல சண்ட. சொல்ல மாட்டேங்கறாரு. மானஸ்தன்" என்றான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். "சண்டையெல்லாம் இல்லடா, என் மருமவ தங்கம்" என்று கத்தினேன். உடனே கோமளா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த நெலமயிலும் வுட்டுக்குடுக்க மாட்டேங்கறாரு பாரு" என்றாள். நான் எதைச் சொன்னாலும் அவள் பேருக்குக் கெடுதல், வாயை மூடினாலும் கெடுதல். சம்பந்தி, நம்ம ஜனங்கள் தண்ணிக்குத் தனியாகப் போவதில்லை, அதனால் தண்ணிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் மூட்டையோடு தனியாக உட்கார்ந்திருந்தால் ஒன்று சண்டை, இல்லை ஏரியில் இறங்கப் போகிறான், மூணாவது ஒண்ணு கிடையாது. பொழுது சாயறதுக்குள்ள ஏழு பேர் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து என்னைச் சுற்றிப் படுத்துக்கிட்டாங்க, எனக்குத் துணையாம். பனைமரத்துக்குப் பின்னால ஒதுங்கப் போனா அங்கயும் ஒருத்தன் நின்னுக்கினு, "நைனா, பேச்சுக் குடுத்துக்கினே இரு" என்கிறான். தனியாக இருந்தது மொத்தம் கால் மணி நேரம், அதுவும் கூடாரத்தைத் துரத்திக்கொண்டு ஓடிய கால் மணி. காலையில் எழுந்து பார்த்தால் புளிச்சோற்றை சரவணன் வீட்டு ஆடு தின்றுவிட்டிருந்தது, கருவாட்டை நாய். சரவணன் என்னை போட்டோ எடுத்து, காற்று நிலவரம் போடுகிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். அடியில் இருந்ததை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'மருமகள் விரட்டிய முதியவர், தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளவும்.' சாக்கில் இருந்த நம்பரையும் போட்டிருந்தான். படிக்கத் தெரிந்த பிறகு என்னைப் பற்றி நான் படித்த முதல் வரி, சம்பந்தி. அதுவே பொய்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் பைக்கில் துணைக்கு வருவோம் என்று பின்னால் வந்தார்கள். அவர்களுக்கு டிமிக்கி கொடுக்க மெயின் ரோடு ஏறி ஆந்திராவுக்குள் போய்விட்டேன். போனால் இன்னொரு அநியாயம். எட்டு மாதம் முட்டி மோதி எழுத்து படித்தேன், ஒரு நாள் முழுக்க அனுபவித்தேன், ஒரு செக்போஸ்ட் தாண்டினால் போர்டில் எழுத்தையே மாற்றி வைத்திருக்கிறார்கள். எல்லாம் வட்ட வட்டமாக முறுக்கு பிழிந்த மாதிரி. தெலுங்கு எனக்குத் தண்ணி பட்ட பாடு, ஏரியில் பாதிப் பேர் அதில்தான் திட்டுகிறார்கள், ஆனால் திட்டத் தெரிந்தவனுக்குப் படிக்கத் தெரிய வேண்டும் என்று இல்லையே. திரும்பவும் தற்குறி ஆகிவிட்டேன். யாரையும் வழி கேட்கக் கூடாது என்று கிளம்பும்போதே சபதம் வேறு. சேற்றில் வண்டி மாட்டி, இறங்கித் தள்ளி, மூன்று இடத்தில் ரோடு முடிந்துபோய், ஒரு ஊருக்குள் நுழைந்து இது எந்த ஊரோ என்று முழித்தேன். கோவிலைச் சுற்றி முன்பக்கம் வந்து பார்த்தால் நாற்பது வருஷமாக நான் படகு கட்டுகிற துறை. முகம் பார்த்துப் பழகிய ஆளின் முதுகைப் பார்த்து யாரென்று கேட்டது போல ஆகிவிட்டது.

அங்கே எனக்குத் துறைப் பழக்கமான அங்காளம்மாள் வீடு இருக்கிறது. அவள் நண்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். ஏன் போட்டாள் என்றால் அவள் நல்லவள். அங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் வெண்ணிலா போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். இருபத்து மூன்று பேர் போன் போட்டு அவளைத் திட்டியிருக்கிறார்கள். இருபத்து மூன்று பேரையும் தாங்கினாள். இருபத்து நாலாவது ஆள் நீங்கள். ஊரான் நம்பினான், சரி. பெற்ற அப்பன் நம்பலாமா? பதினோரு வருஷமாக அவள் கையால் சாப்பிடுகிறேன். எனக்குச் சோறு போடவில்லை என்றால் என் வேட்டி ஏன் இடுப்பைச் சுற்றி வர மாட்டேன் என்கிறது? என் முன்னால் வந்து நின்று என் வயிற்றைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள். என் வாயிலிருந்து அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு குறைச்சொல் வந்தது கிடையாது. இது அம்மன் மேல் ஆணை என்று எழுத நினைத்தேன், அம்மனை எதற்கு இதில் இழுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே கல்யாணத்தில் அந்த இரண்டு முடிச்சையும் வெண்ணிலாதான் போட வேண்டும். திவ்யா நல்ல பெண், அவளுக்குக் குத்துவிளக்கைக் கொடுங்கள்.

அஜித்குமாரும் வரப்போகிற பெண்ணும், போகும்போது நிறைந்த வயிறும் வரும்போது நிறைந்த வலையுமாக நீண்ட நாள் இருக்கட்டும். சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். உங்களுக்கும் வணக்கம், வேறு வழியில்லை.

இப்படிக்கு,
தாமோதரன்
(ரேகை இல்லை, கையெழுத்து.)

பின்குறிப்பு: இதை நாலு பேர் முன்னால் படிக்க வேண்டாம். நீங்கள் மட்டும் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். அன்றைக்குப் புளிச்சோறு ஆட்டுக்குப் போய்விட்டது, காலையிலிருந்து வெறும் டீ, மணி மூன்று. அங்காளம்மாள் அடுப்பில் நண்டு கொதிக்கிறது. "சாப்ட்டியாண்ணா?" என்றாள். இல்லை என்றேன். "ஏன், வூட்ல?" என்றாள். அந்த வாசனை வந்தது சம்பந்தி. "மருமவ எங்க போடறா" என்றேன். மூன்றே சொல். சட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். "ராத்திரிக்காவது?" என்றாள். "கஞ்சிதான்" என்றேன். இறால் வறுவல் வந்தது. "குழம்பு?" என்றாள். "நேத்தியது" என்றேன். முட்டை வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒன்று வந்துகொண்டிருந்தது, வயிறு நிறைந்த பிறகுதான் நிறுத்த முடிந்தது. அங்காளம்மாள் உங்கள் ரங்கம்மாளுக்குப் பெரியம்மா மகள் என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

இன்னொரு பின்குறிப்பு, மறுநாள் எழுதியது: கவரில் போடும்போது வெண்ணிலா எல்லாவற்றையும் படித்துவிட்டாள். கிழித்துவிடுவாள் என்று நினைத்தேன். "மாமா, கடைசியில எழுதினதையும் சேத்து நாலு பேர் முன்னால படிக்கச் சொல்லு. மேல எழுதினத எவன் நம்புவான்? இதத்தான் நம்புவாங்க" என்றாள். யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்கிறாள். ஆகவே முழுவதும் படியுங்கள், உரக்கப் படியுங்கள். கல்யாணத்தில் எனக்குக் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போதும். அங்காளம்மாளை முதல் வரிசையில் உட்கார வையுங்கள், முடிச்சு போடுவது யார் என்று பார்க்கட்டும்.

இன்று ராத்திரி எனக்குக் கஞ்சி. தொட்டுக்கொள்ள ஊறுகாய்கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டாள். இதை வெளியில் சொல்லலாம் என்று பார்த்தால் இனிமேல் யாரும் நம்ப மாட்டார்கள்.