குயில்தேனீக்கு ஒரு பெயர்

"என்ர பேரை எடுத்துவிடுங்கோ. இண்டைக்கே," என்றாள் செல்வநாயகி.

இரகுநாதன் பேனையை மூடினார். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்துச்சாலைக்குப் பொறுப்பாளர் அவர். மேசையில், ஊசியில் குத்தியபடி ஒரு தேனீ. உலகில் யாரும் இதுவரை விவரிக்காத இனம். விவரணம் எழுதியாகிவிட்டது. கொழும்புக்கு அனுப்புவதுதான் பாக்கி. மனைவிக்கு அவர் ஒரு மோதிரம்கூட வாங்கிக் கொடுத்ததில்லை. தேனீக்காவது அவள் பெயரை வைக்கலாம் என்று அதையே எழுதியிருந்தார்.

காலையில் அவளுக்கு மகிழ்ச்சிதான். தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கரின் மனைவி லீலாதேவியைத் தேநீருக்கு அழைத்ததும் அவள்தான்.

"அப்பிடி என்ன விசேஷம் இந்தத் தேனீயிலை?" என்று லீலாதேவி கேட்டாள்.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இது கூடு கட்டாது. மகரந்தம் சேர்க்காது. காலிலை அதுக்கான மயிரே இல்லை. வேறை தேனீயின்ர கூட்டிலை முட்டையை விட்டிட்டுப் போயிடும். அதாலைதான் குயில்தேனீ."

"அப்ப பிள்ளை?"

"அங்கையே வளரும்."

லீலாதேவி கோப்பைக்குள் பார்த்தாள். "உங்கட மகன் இன்னும் யாழ்ப்பாணத்திலை பெரியம்மா வீட்டிலைதானே?"

அதற்குப் பிறகு யாரும் வடையைத் தொடவில்லை.

கோப்பைகளை எடுக்க வந்த வேலைக்காரி பெரியாயி தேனீயைக் குனிந்து பார்த்தாள். அவள் முந்தானையைப் பிடித்தபடி ஒரு சிறுமி.

"அந்த வீட்டுக்காரத் தேனீயோட சொந்தப் புள்ள என்னங்கய்யா ஆவும்?"

"அதுக்கு வைச்ச சாப்பாட்டை இது திண்டிடும். அது செத்துப்போம்."

"அடப் பாவமே," என்றாள் பெரியாயி. சிறுமிக்கு ஒரு வடையை எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது பேனை மூடியிருந்தது.

"சரி, உங்கட அக்காவின்ர பேரை வைப்பம்," என்றார். "குணமணி."

"அக்காவும் பிள்ளையை எறிஞ்சிட்டுப் போறவளோ?"

அவளே சற்று இறங்கி வந்தாள்.

"தாய் இடைக்கிடை வந்து பாக்கும் எண்டாவது எழுதுங்கோவன்."

"அது வராது."

"ஒருக்காவும்?"

"நாயகி, அது பூச்சி."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் விவரணத்தை அனுப்பவில்லை. மகனை விடுமுறைக்கு அழைத்து வரும்படி யாழ்ப்பாணத்துக்குத் தந்தி அனுப்பினார்.

குணமணி அவனை ரயிலில் கூட்டி வந்தாள். செல்வநாயகி புட்டும் வாழைப்பழமும் பிசைந்து வாயருகே நீட்டினாள். பையன் முகத்தைத் திருப்பினான்.

"ரெங்கம்மா தீத்தினாத்தான் சாப்பிடுவன்."

செல்வநாயகி அக்காவைப் பார்த்தாள்.

"என்ன பாக்கிறாய்?" என்றாள் குணமணி. "நான் படிப்பிக்கப் போகவேண்டாமோ? குளிப்பாட்டிறது, தீத்திறது, நித்திரையாக்கிறது எல்லாம் ரெங்கம்மாதான். அவளின்ர சேலைத் தலைப்பு இல்லாட்டி இவன் கண் மூடமாட்டான்."

ரெங்கம்மா இந்தத் தோட்டத்துப் பெண். மகனை அனுப்பிய வருடம், அடுப்படி வேலைக்கு ஆள் வேண்டும் என்று குணமணி கேட்டிருந்தாள். ஒரு மாதத்துக்கு என்று சொல்லி ரெங்கம்மாவை ரயிலேற்றியவர் இரகுநாதன்தான். பிறகு அவளைத் திருப்பிக் கூப்பிடும் நினைவே அவருக்கு வரவில்லை.

இரவும் பையன் சாப்பிடவில்லை. செல்வநாயகி தட்டைப் பிடித்தபடி அவன் பின்னால் வீடெல்லாம் நடந்தாள். விடிந்தும் அதே கதைதான்.

"சரி," என்றார் இரகுநாதன். "ரெங்கம்மாவை உடனை வரச்சொல்லித் தந்தி அடிக்கிறன்."

பையன் முதல் தடவையாகச் சிரித்தான். செல்வநாயகி தட்டைக் கீழே வைத்தாள்.

"அந்தத் தேனீக்கு என்ர பேரே இருக்கட்டும்," என்றாள். "பொருத்தந்தான்."

அவர் பேனையைத் திறந்தார். எழுதவில்லை.

அடுப்படி வாசலில் நின்ற பெரியாயி, முந்தானையைப் பிடித்திருந்த சிறுமியை மெல்ல முன்னால் தள்ளினாள்.

"ரெங்கம்மா வந்தா, இவளுக்கும் ஒரு வாய் ஊட்டச் சொல்லுங்கய்யா. அவ பெத்த புள்ளதானுங்களே."